அம்மாவின் ஊசி

எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒரு டப்பா இருக்கும். தொட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா மிரட்டி வைத்திருந்தார். உள்ளே அம்மாவின் ஊசி. இரண்டு வாரத்துக்கொருமுறை ஞாயிற்றுக்கிழமை அம்மாவே தொடையில் போட்டுக்கொள்வாள்.

அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்காது; பாட்டில் மூடியைக்கூட நான்தான் திறந்து கொடுப்பேன். இது என்ன வியாதி என்று நச்சரித்தபோது, வடக்கே நாங்கள் குடியிருந்த வாகட் பகுதி அபார்ட்மென்ட்டின் புது வாட்ச்மேனை உதாரணம் சொன்னாள். அந்த மகானுபாவர், அங்கேயே குடியிருக்கும் அப்பாவையே தினமும் "கிதர் ஜானா ஹை?", எங்கே போகணும் என்று இந்தியில் கேட்டு, கேட்டில் மறித்துக்கொண்டிருந்தார்.

"என் உடம்புக்குள்ள இருக்கிற காவல்காரங்களும் அப்படித்தான். கிருமியை அடிக்க வேண்டியவங்க, என்னோட மூட்டுகளையே திருடன்னு நெனச்சு அடிக்கறாங்க. அதான் வீங்குது. ஊசி போட்டா கொஞ்சம் அடங்குவாங்க."

அப்போது நிஜத் திருடன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் சளி, காய்ச்சல் இருக்கறவங்க என் பக்கத்துல வரக் கூடாதுங்கறது."

அன்றிலிருந்து எனக்குத் தும்மல் வந்தாலே அம்மாவை விட்டு விலகி ஓடுவேன்.

அந்த மழைக்காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து அப்பாவின் அக்கா வந்து இறங்கினாள், பை நிறைய நிலவேம்புப் பொடியோடு. எதிர்ப்புச் சக்தி இல்லாததால்தான் அம்மாவுக்கு இந்தக் கதி என்பது அத்தையின் தீர்ப்பு. இருக்கிற சக்தியே அதிகப்பிரசங்கித்தனம் செய்வதுதான் வியாதி என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"நீ சும்மா இருடா. கம்ப்யூட்டர் தட்டறவனுக்கு வைத்தியம் தெரியுமாக்கும்?"

அம்மா தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கஷாயத்தைக் குடித்தாள். நாத்தனாரை மறுத்துப் பேசும் தைரியம் அவளுக்கு ஏது!

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தேவிட்டது. சின்ன அறையில் தனியாகப் படுக்கப் போட்டார்கள்; அத்தைதான் கஞ்சி கொண்டுவருவாள். கதவருகே அம்மாவின் குரல் கேட்டால் "உள்ள வராதே!" என்று கத்துவேன். கத்திவிட்டுப் போர்வைக்குள் அம்மா, அம்மா என்று அழுவேன். என்னால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஞாயிறு மாலை அவள் உள்ளேயே வந்துவிட்டாள்.

"இந்தத் தடவை வரலாம்டி, ஒண்ணும் ஆகாது" என்று பக்கத்தில் படுத்துக் கட்டிக்கொண்டாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.

எனக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் சில நாளில் அம்மாவின் கைகள் வீங்கிச் சிவந்துபோயின. பல் தேய்க்கக்கூட முடியவில்லை. அப்பா நேராக அத்தைமேல் பாய்ந்தார்.

"எல்லாம் உன் கஷாயத்தாலதான்க்கா!"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அண்ணியை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் ஞாயித்துக்கிழமை ஊசி போட்டுக்கல" என்றாள் அம்மா.

"ஏன் போட்டுக்கல?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பாவும் என்னைப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு ஊசியைத் தள்ளிப்போட்டதால் மட்டும் கிருமியைத் தடுக்கும் காவல் உடனே திரும்பிவிடாது என்று டாக்டர் மறுநாள் அம்மாவைக் கடிந்துகொண்டாராம்.

அம்மா ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்றதும் எனக்கோ ஒரே குஷி. ஊசி என்றால் அலறி ஊரைக் கூட்டுகிறவள் நான்; அம்மாவும் என் கட்சிதான் போலிருக்கிறது! இத்தனை நாள் வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கிறாள், பாவம்.

"பயப்படாதம்மா, நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்று பெரிய மனுஷியாட்டம் சொல்லி, அந்த வீங்கிய கையை இறுகப் பிடித்தேன்.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஆமாண்டி, ரொம்பப் பயந்துட்டேன்" என்றாள்.