ஆமிப் பூ

என் மகள் கட்ட விரும்பியவன் ஓர் ஆமிக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான், மே மாதக் கடைசியில் லண்டனுக்கு வெளியே ஒரு காட்டோரத்தில், அதிகம் பழக்கமில்லாத வெள்ளைக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில் நான் ஏன் முழங்காலில் நின்றேன் என்பது விளங்கும்.

ராணுவம் என்பது பத்திரிகைச் சொல். எங்கள் வீடுகளில் அது ஆமிதான். ஒழுங்கை முனையில் ஒருவர் 'ஆமி வாறான்' என்று சொன்னால், உலையில் அரிசி கொதித்தபடி இருக்க, பின்வேலியால் வெளிக்கிட்டு ஓடிய தலைமுறை நான். அந்த நாட்டு ஆமி வேறு, இந்த நாட்டு ஆமி வேறு என்பது மூளைக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியாது. அந்த வெள்ளைக்காரப் பெடியன் முதன்முறை லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரமாய் வைத்துவிட்டு, சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டான். நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மகள் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள். பாதி ஆங்கிலத்தில் சொன்னதை முழுத் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் வேண்டாம் எண்டாலும் நான் அவரைத்தான் கட்டுவன், அப்பா. ஆனா நீங்கள் மணவறையில நிண்டு என்ரை கையைப் பிடிச்சுக் குடுக்காட்டி எனக்கு அது கலியாணம் மாதிரியே இராது."

தைப்பொங்கலுக்குச் சொன்னாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறன், யோசிக்கிறன் என்று வைகாசி வரை இழுத்துவிட்டேன். மனைவி வெள்ளிக்கிழமைகளில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்து, "அம்மன் ஓம் எண்டிட்டா. இனி நீங்கள்தான் மிச்சம்" என்பாள். பெடியன் ஆமியில் எஞ்சினியர். "சனம் கேட்டால் எஞ்சினியர் எண்டு மட்டும் சொல்லுவம். அது பொய்யில்லையே" என்பதும் அவளுடைய யோசனைதான். சனத்துக்குச் சொல்லிவிடலாம். எனக்கு நான் என்ன சொல்வது?

இந்த நிலையில்தான் பெடியனுடைய தகப்பன் எனக்குப் போன் எடுத்தார். சம்பந்தி என்ற உறவுக்கு ஆங்கிலத்தில் சொல்லே இல்லை. சொல் இல்லாததால் அவர்களுக்கு என்ன செய்வது என்றும் தெரிவதில்லை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார வேண்டும். இவர் என்னை ஓர்க்கிட் பார்க்கக் கூப்பிட்டார். சனிக்கிழமை, ஓய்வாக இருந்தால், நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு.

எனக்குத் தெரிந்த ஓர்க்கிட் சூப்பர் மார்க்கெட்டில் செலோபேன் தாளில் சுற்றி விற்பதுதான். யாராவது பரிசாகக் கொண்டுவந்து தருவார்கள். என் மனைவி தண்ணீரை ஊற்றி ஊற்றியே அதைக் கொன்றுவிடுவாள். அந்தப் பூ இந்த நாட்டுப் புல்லுக்குள் தானாக முளைக்கும் என்பதே, என் வயதில் பாதிக்கு மேல் இங்கே கழித்தும், எனக்குத் தெரியாது.

"போயிட்டு வாங்கோ. மனுசனோடை நாலு வார்த்தை கதையுங்கோ" என்றாள் மனைவி. வெறுங்கையோடு போகக்கூடாது என்று மிதிவெடி என்று நாங்கள் சொல்கிற பலகாரத்தைப் பொரித்துக் கட்டித் தந்தாள். மகள் அன்று பின்னேரம் வேலை முடிந்து வருவதாகவும், இன்றைக்கு எப்படியும் ஒரு பதில் வேண்டும் என்றும் போனில் சொல்லியிருந்தாள். மனைவி அதை நான் சப்பாத்துக் கட்டும்போது இன்னொரு தடவை ஞாபகப்படுத்தினாள்.

லண்டன் முடிந்து, தண்டவாளத்தின் இருபக்கமும் வயல் தொடங்குகிற ஒரு ஸ்டேஷனில் இறங்கினேன். அவர் கார் வைத்துக்கொண்டு நின்றார். உயரமான, ஒல்லியான மனிதர். தோட்டவேலைக்காரர் முழங்காலில் கட்டுகிற மெத்தையை இரண்டு காலிலும் கட்டியிருந்தார். எனக்கும் ஒரு சோடி கொண்டுவந்திருந்தார். கைகுலுக்கிய கையோடு, என் போனில் இடம் காட்டுகிற வசதியை அணைக்கச் சொன்னார். படம் எடுத்தால் அதற்குள் இடமும் பதிந்துவிடுமாம். யாராவது வந்து செடியைக் கிழங்கோடு தோண்டிக்கொண்டு போய்விடுவார்களாம். ஓர்க்கிட் தேடித் திரிகிற ஆட்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்குக்கூட இடத்தைச் சொல்வதில்லை என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எந்த வழியால், யாரைப் பிடித்து இந்த நாட்டுக்கு வந்தோம் என்பதை எங்கள் ஆட்கள் இப்படித்தான் வாயைப் பொத்தி வைத்திருந்தார்கள். நானும் அந்த இடம் எதுவென்று இங்கே எழுதப்போவதில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சுண்ணாம்பு மண் சரிவு. மேலே பீச் மரங்கள், கீழே குட்டைப் புல். நடக்கிற நடை நடையே இல்லை. ஓர் அடி வைத்து, நின்று, குனிந்து பார்த்து, பிறகுதான் அடுத்த அடி. நான் பல் கட்டுகிறவன்; செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். சின்னதைப் பார்க்கிற பொறுமை எனக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். என் சப்பாத்துக்கு முன்னால் இரண்டு இலை விரித்தபடி பச்சைத் தண்டு ஒன்று நின்றது. அதில் பச்சையிலேயே பூ. அதுவும் ஓர்க்கிட்தானாம். "இதுக்கோ நான் பிளேஸ்டோவில இருந்து வந்தனான்" என்று தமிழில் முணுமுணுத்தேன். அவர் ஏதோ வாழ்த்து என்று நினைத்துத் தலையாட்டினார்.

நாங்கள் தேடியது எது என்று அவர் சொல்லவே இல்லை. கண்டபிறகுதான் பெயர் சொல்வாராம். அது அவருடைய பழக்கம். வெயில் ஏறியது. ஒரு சரிவு முழுக்கத் தேடி ஒன்றும் இல்லை. அவர் முகம் வாடிப் போயிற்று. பூவுக்காக ஒரு மனிதர் இப்படிக் கவலைப்படுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் என் பதிலைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம் எனக்கு.

முதலில் கண்டது நான்தான். மரநிழல் முடிகிற இடத்தில், புதர் ஒன்றின் பக்கத்தில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும் உயரத்தில் ஒரு பூங்கொத்து. நான் பார்த்ததும் என் வாய் தானாகவே திறந்தது. அவர் ஓடி வந்து முழங்காலில் விழுந்தார். நானும் விழுந்தேன். ஒவ்வொரு பூவும் ஒரு சின்ன மனிதன். இரண்டு கை, இரண்டு கால், உடம்பில் பொத்தான் போல வரிசையாய்ச் சிவப்புப் புள்ளி. தலைக்கு மேலே கவிழ்த்து வைத்ததுபோல் சாம்பல் கலந்த வெளிறிய ஒரு மூடி. கைகால்களில் நான் நாள்தோறும் ஈறுக்குக் கலக்கிற அதே ரோஸ் நிறம். இவ்வளவு நுணுக்கமான வேலையை நான் என் ஆயுளில் செய்ததில்லை.

"இதன் பெயர் என்ன?" என்று கேட்டேன்.

"மிலிட்டரி ஓர்க்கிட்" என்றார். "அது தலைக்கவசம், பாருங்கள். இந்த நாட்டில் அழிந்தே போய்விட்டது என்று ஒருகாலம் எழுதிவிட்டார்கள். பிறகுதான் கண்டுபிடித்தார்கள். இப்போதும் ஒருசில இடங்களில்தான்."

ஆமிப் பூ. ஆமிக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவன், காலையிலிருந்து குனிந்து குனிந்து ஆமியைத் தேடியிருக்கிறேன். கண்டுபிடித்துச் சந்தோஷமும் பட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகன் ஆமி என்பதற்காக எனக்குப் பாடம் நடத்துகிறாரா இந்த மனுசன்? எழுந்து நின்று நேராகவே கேட்டேன், என் மனதை மாற்றத்தான் இதைக் காட்டக் கூட்டி வந்தீர்களா என்று.

அவர் முழங்காலில் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துவிட்டது. அந்தப் பெயரை அவர் யோசிக்கவே இல்லையாம். இந்தக் கிழமை பூத்திருக்கிறது, தன்னிடம் இருப்பதில் நல்லது இதுதான், அதனால் கூட்டி வந்தேன் என்றார். வேறு யாரையும் இதுவரை கூட்டி வந்ததில்லையாம். பொய் சொல்லத் தெரியாத முகம். என் கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று.

புதருக்கு அப்பால் உட்கார்ந்தோம். சங்கடத்தை மறைக்க நான் பொட்டலத்தைப் பிரித்தேன். ரோல்ஸ் மாதிரி சுற்றி, உள்ளே உருளைக்கிழங்குக் கறியும் அவித்த முட்டையும் வைத்துப் பொரித்தது. அவர் இரண்டைச் சாப்பிட்டு, விரலை நக்கி, இதன் பெயர் என்ன என்று கேட்டார்.

"மிதிவெடி" என்றேன். "காலால் மிதித்தால் வெடிக்குமே கண்ணிவெடி, அதுதான். எங்கள் ஊரில் சண்டை நடந்த காலத்தில் யாரோ பகிடியாய் வைத்த பெயர். அப்படியே நின்றுவிட்டது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். கையில் இருந்த மூன்றாவதைத் திரும்பத் தாளில் வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மகன் ஆமியில் பார்க்கிற எஞ்சினியர் வேலையே அதுதான். அந்த வாரம் அவன் வேறொரு நாட்டில், அங்குள்ளவர்களுக்குக் கண்ணிவெடி எடுக்கப் பழக்கிக்கொண்டிருந்தான். மகள் எனக்குச் சொல்லியிருந்தாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மன்னியுங்கள்" என்றேன்.

"இல்லை, இல்லை" என்றார். பிறகு புல்லைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "அவனுக்கு ஏதாவது நடந்தால் ஆமியில் இருந்து போனில் சொல்லமாட்டார்கள். வீட்டுக்கு வருவார்கள். இரண்டு பேர், சீருடையில். வந்து கதவைத் தட்டுவார்கள். அவன் முதல்முறை போனபோது நான் வீட்டில் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு கார் மெதுவானால் போதும். பிறகு என்னால் முடியவில்லை. காலையில் வெளிக்கிட்டு இங்கே வரத் தொடங்கினேன். நான் வீட்டில் இல்லாவிட்டால் அவர்கள் எனக்குச் சொல்ல முடியாது, இல்லையா? பொழுது போக எதையாவது பார்க்க வேண்டுமே. அப்படித்தான் இந்தப் பூக்களைப் படித்தேன்."

ஓர் ஆமிக்காரனுக்குத் தகப்பன் ஒருவர் இருப்பார் என்று நான் என் வாழ்க்கையில் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க எங்களுக்கு நேரமும் இருக்கவில்லை, மனமும் இருக்கவில்லை.

"நாங்களும் வீட்டில் இருக்கமாட்டோம்" என்றேன். "ஆமி வருகிறது என்றால் அப்பா எங்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார். புகையிலைக்கன்றுக்கு நடுவில் படுத்திருப்போம். ஆள் வீட்டில் இல்லையென்றால் கொண்டுபோக முடியாதே."

"அங்கே எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்.

இதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அகதி விசாவுக்குக் குரோய்டன் அலுவலகத்தில் விசாரித்தபோது எத்தனையோ கேட்டார்கள், இதைக் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். "எறும்பு" என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு தாளில் வைத்ததை எடுத்து மிச்சத்தையும் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். "என்ன கதைச்சனீங்கள்?" என்றாள். "பூவைப் பற்றித்தான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் வாசல் மணி அடித்தது. மகளிடம் வீட்டுத் திறப்பு இருக்கிறது; தானே பூட்டைத் திறந்து வருவாள். அவள் மணி அடிப்பதில்லை. எழும்பிக் கதவடிக்குப் போனேன். வெளியில் எத்தனை சோடிச் சப்பாத்து என்று காது கொடுத்துக் கேட்டேன். எங்கள் கதவுக்கு யாரும் அப்படி வரமாட்டார்கள், வருவதானால் அவருடைய கதவுக்குத்தான் போவார்கள் என்பதெல்லாம் மூளைக்குத் தெரியாமல் போயிற்று. இத்தனை காலம் ஆமிக்குப் பயந்தவன், முதல்முதலாக ஓர் ஆமிக்காரனுக்காகப் பயந்துகொண்டு நின்றேன்.

கதவைத் திறந்தேன். மகள். இரண்டு கையிலும் சாமான் பை.

"கை ஃப்ரீ இல்லை, அதுதான் பெல் அடிச்சனான்" என்றாள். என் முகத்தைப் பார்த்துப் பைகளைக் கீழே வைத்தாள். "அப்பா, ஆர் யு ஓகே? என்ன நடந்தது?"

"அவன் இண்டைக்குக் கதைச்சவனோ?" என்றேன்.

"ஓம். மத்தியானம். ஏன்?"

"சுகமாய் இருக்கிறானோ?"

"ஓம் அப்பா."

"அப்ப சரி."

"எது சரி?" என்று கேட்டாள்.

"எல்லாம்தான், பிள்ளை" என்றேன்.