கஸ்தூரி அக்கா ஓட்டு போடப் போன நாள்

போன தேர்தலுக்கு முதல் நாள் சாயங்காலம். அம்பத்தூரில் நான் செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தம்பி சூட்கேசை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். மூன்றாவது மாடி, கம்ப்யூட்டர் வேலை. "அண்ணா, ஓட்ட இன்னிக்கே போட்டுட்டுப் போக வழி இருக்கா? நாளைக்கு ஏற்காட்ல ரூம் போட்டிருக்கோம்" என்றார். பிரியாணிக்குச் சொல்லிவைப்பது போலக் கேட்டார். எந்தப் பள்ளிக்கூடம், எந்த அறை, காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை என்று எல்லாமே அவர் போனில் இருந்தது. பள்ளிக்கூடமோ எதிர்த்தெரு.

"அதெல்லாம் எலக்‌ஷன் டூட்டிக்குப் போறவங்களுக்குத் தம்பி. நடக்க முடியாத பெருசுங்களுக்கு ஊட்டாண்டயே வருவாங்க. நீங்க நல்லாத்தான நடக்குறீங்க?" என்றேன். சிரித்தபடி காரில் ஏறிப் போய்விட்டார். சென்ட் வாசனை மட்டும் கேட்டிலேயே நின்றது.

வாசனை என்றால் எனக்கு லேத் பட்டறை எண்ணெய்தான். சோற்றைப் பிசைந்தாலும் அதுதான் மணக்கும். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன், பல வருஷத்துக்கு முன்னால் இங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில் கொஞ்ச காலம் ஒண்டியிருந்தேன். அங்கே ட்ரில்லிங் மெஷினில் நின்றவர் கஸ்தூரி அக்கா. நான் சேர்வதற்கு முந்தைய தேர்தலில் அவர் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். "எம்பேர்ல எவளோ வந்து குத்திட்டுப் போய்க்கிறாடா. நான் மத்தியானம் போயி பல்ல இளிச்சிகினு நிக்கிறேன்" என்று மாதக்கணக்கில் புலம்பினார். அடுத்த தேர்தல் வந்தபோது, இந்த முறை விடிந்ததும் முதல் ஆளாகப் போய்விடுவதென்று இருந்தார்.

முதலாளி விட்டால்தானே. தேர்தலன்று சம்பளத்தோடு லீவு விடவேண்டும் என்பது சட்டம். அவரும் சட்டத்தை மதிக்கிறவர். ஷட்டரில் 'இன்று விடுமுறை' என்று அட்டையைத் தொங்கவிட்டு, எங்களைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டார். "அவசர ஆர்டரும்மா. ஒன் ஒருத்தி ஓட்டுல இன்னா கவுந்துடப் போவுது?" நாலரைக்குத்தான் வெளியே விட்டார். அப்போதெல்லாம் ஐந்து மணியோடு வாக்குப்பதிவு முடிந்துவிடும்.

பூத் எங்கே என்பது அடுத்த தொல்லை. அக்கா கள்ளிக்குப்பத்துக்கு வீடு மாறியிருந்தார், பெயர் மட்டும் மேனாம்பேட்டில் கிடந்தது. வாடகைக்கு இருப்பவர்களின் பெயர் எப்போதும் ஒரு வீடு பின்தங்கித்தான் வரும். எனக்கு எந்த ஊர்ப் பட்டியலிலும் பெயர் கிடையாது, அந்தக் கவலையும் கிடையாது. சைக்கிளில் அவரை உட்காரவைத்து மிதித்தேன். பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனால் பூத்தை மாற்றிவிட்டார்களாம். தெருமுனையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் பட்டியலைப் புரட்டியபடி, "நமக்குத்தானக்கா?" என்று இளித்தார்.

"மொதல்ல எடத்தச் சொல்லு நைனா, அப்பால பாக்கலாம்."

அடுத்த தெரு. போலீஸ்காரர் கேட்டைச் சாத்தும்போது அக்கா உள்ளே பாய்ந்துவிட்டார். ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு, கடைசி ஆளிலிருந்து தொடங்கி நம்பர் எழுதிய சீட்டு கொடுப்பார்கள், பின்னால் வேறு யாரும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. அக்காவுக்கு ஒன்றாம் நம்பர். கம்பி வழியாக அதை ஆட்டிக் காட்டி, "பொறந்ததுலேர்ந்து மொத தபா ஃபர்ஸ்ட்டுடா!" என்று கத்தினார். உடனே முகம் சுருங்கியது. இந்த முறையும் எவளாவது முந்தியிருந்தால்?

முந்தவில்லை. எண்ணெய் இருந்தால் மை பிடிக்காது என்று அதிகாரியே அவர் விரலைத் துணியால் துடைத்துவிட்டாராம். அதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் முதலாளி, "யாருக்கும்மா போட்ட?" என்றதற்கு, மை விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "ஒங்களுக்கு இல்ல சார்" என்றார்.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். போன தேர்தல் முடிந்த வாரம் ஆவடி ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஓட்டுப் போட்டாயா என்று கேட்டிருக்கக் கூடாது.

"ஏழு மணிக்கெல்லாம் மொத ஆளா போயி நின்னேன்டா. பேரே இல்லன்ட்டாங்க. அதே ஊட்லதான் கீறேன், ஊடு மாறிட்டேன்னு எட்த்துட்டாங்களாம். அப்ப எவளோ திருடுனா. புடிச்சா நாலு அறை உடலாம்னு ஒருத்தியாவது இருந்தா. இப்ப யார்னு போயி அறையறது, சொல்லு?"