கொய்னாவின் மேல்கூடு

மலாயாவில் கிள்ளான் பாசார் பக்கம் துணிக்கடை வைத்திருந்த கிஃபாயத்துல்லாவின் கடையில் துணி தீர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து கப்பலும் இல்லை, கடுதாசியும் இல்லை. நாகூரில் இருக்கும் மனைவி காத்தூன் பீவி உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. கப்பலேறும்போது அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் கையில் மிச்சம். "போற எடத்துல கண்டதையும் வாயில போட்டுடாதீங்க மச்சான். ஹலாலான்னு பாத்துக்கங்க." வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றாலும் அந்த வார்த்தையைக் காப்பாற்றி வந்தார். பிடித்துக்கொள்ள மனுஷனுக்கு வேறென்ன இருந்தது?

1943இல் குளிர்காய்ச்சல் அவரைப் போட்டு உலுக்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் தம்புசாமி, ஒளித்து வைத்திருந்த, குளிர்காய்ச்சலுக்கான பன்னிரண்டு கொய்னா கேப்சூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் காலத்தில் தங்கத்தைவிட அரிது அது. நம் ஆள் என்ன கேட்டார் தெரியுமா?

"அண்ணே, மேல்கூடு எதுல செஞ்சது?"

"தோலு, எலும்பக் காய்ச்சிச் செய்றது. மாடா பன்னியான்னு டப்பால போடல பாய். சாகப் போற நேரத்துல இதெல்லாம் ஒரு கேள்வியா லா?"

முதல் ஆறின் கூட்டைப் பிரித்துத் தூளை மட்டும் மசித்த கிழங்கில் வைத்து விழுங்கினார். கசப்பு தாங்கவில்லை. பாதி மருந்து வாந்தியோடு போயிற்று. பதறிப்போன தம்புசாமி பள்ளிவாசல் லெபையை அழைத்து வந்தார்.

"உசுருக்கு ஆபத்துன்னா முழுங்கலாம் தம்பி. அல்லாஹ் மன்னிப்பான்" என்றார் லெபை.

அல்லாஹ் மன்னிப்பான், சரி. காத்தூன்? ஆனாலும் செத்துப்போனால் அவளைப் பார்க்க முடியாதே! மிச்சம் ஆறையும் கூட்டோடு விழுங்கினார்.

காய்ச்சல் விட்டது. முன்பெல்லாம் கிழங்கைக் கையில் எடுத்ததும், "காத்தூனு, சாப்பிடட்டுமா?" என்று மனசுக்குள் கேட்டுவிட்டுத்தான் தின்பார். இப்போது கேட்க மனம் வரவில்லை. தங்கியிருந்த அறையில் அதன் பிறகுதான் அவர் நிஜமாகவே தனியாள் ஆனார். இரண்டு வருஷம் அப்படியே கழிந்தது.

சண்டை முடிந்து, 1945 கடைசியில் கப்பல் தபால் வந்தது. காத்தூனுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு மரியம், அவள் சொல்லச் சொல்ல எழுதியிருந்தாள்.

"மச்சான், நான் சொன்னத நெனச்சு நோயிலயும் பட்டினி கெடப்பீங்களோன்னு இத்தன வருஷமா பயந்து செத்தேன். எதத் தின்னாவது உசுரோட இருக்கட்டும், பாவம் என் தலையில வரட்டும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேட்டேன்."

அடுப்பில் கிழங்கு வெந்திருந்தது. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"காத்தூனு, சாப்பிடட்டுமா?" என்று வாய்விட்டுக் கேட்டார். கிழங்கு ஆறிப்போகும்வரை அழுதார்.