கேட்க மட்டும் அனுமதி

அலுவலகத்தில் அவரை எல்லோரும் "நலமா அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையே அப்படி. நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நெட்வொர்க் பெட்டிகளை அவருடைய கணினி நிமிடத்துக்கு ஒரு தடவை நலம் விசாரிக்கும்: சூடு எவ்வளவு, உள்ளே மின்விசிறி சுற்றுகிறதா, எந்தப் பக்கம் எவ்வளவு தகவல் போகிறது. பெட்டிகளும் சளைக்காமல் பதில் சொல்லும். அந்த விசாரிப்பு முறைக்கு எஸ்.என்.எம்.பி. என்று பெயர். சொந்தத் தம்பியிடம் பேசிப் பல மாதம் ஆகிறது, பெட்டிகள் மேல் மட்டும் என்ன அக்கறை என்று மனைவி இடித்துக் காட்டுவாள்.

அந்த முறையில் பெட்டியைக் கேள்வி கேட்கலாம், கட்டளையும் இடலாம். இரண்டுக்கும் தனித்தனிக் கடவுச்சொல். அவரிடம் கொடுத்திருந்தது கேட்பதற்கானது மட்டும். இன்னொன்றையும் ஒருமுறை மேலாளரிடம் கேட்டுப் பார்த்தார். "உங்க வேலைக்குக் கண்ணு போதும்ணே, கை எதுக்கு?" என்று மேலாளர் சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார்.

மகள் அரசு வேலைக்குக் கணினியில் தேர்வு எழுதப் போன மையமும் அவர் கண்காணிப்பில் இருந்ததுதான். வயது வரம்புப்படி அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. போன தடவை மயிரிழையில் தவறிப்போனது. "நான் அங்கேருந்து பார்த்துக்கிட்டேதான் இருப்பேன், பயப்படாம எழுது" என்று காலையில் வாசலில் நின்று சொல்லி அனுப்பினார். பெற்ற வாய் சும்மா இருக்குமா?

தேர்வு பாதி போய்க்கொண்டிருக்கும்போது, தேர்வுக் கணினிகளை எல்லாம் இணைத்திருந்த அந்த மையத்துப் பெட்டியின் மின்விசிறி நின்றுவிட்டது. சூடு ஏற ஆரம்பித்தது. ஆளில்லாத மாடியில் சும்மா கிடக்கும் போன்களுக்கும் அதே பெட்டிதான் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அவற்றை அணைத்தாலே சூடு தணியும். ஒரே ஒரு கட்டளை போதும். அது அவர் கையில் இல்லை.

மையப் பொறுப்பாளரை போனில் பிடித்தார்.

"பரீட்சை முடியற வரைக்கும் பெட்டி இருக்கற ரூமுக்கு சீல் வச்சிருக்கோம் சார்."

"கதவையாவது கொஞ்சம் திறந்து வைங்களேன், காத்து வரட்டும்."

"கதவுலதானே சார் சீலே இருக்கு!"

மேலாளர் அறைக்கு ஓடினார். விஷயத்தைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில், "என் பொண்ணும் அங்கதான் சார் எழுதறா" என்று உளறிவிட்டார். கட்டளை அனுப்பக் கீபோர்டுக்குப் போன மேலாளரின் கை அப்படியே நின்றது.

"உங்க பொண்ணா? அப்போ நீங்க அந்தத் திரை முன்னாடி உட்காரவே கூடாதேண்ணே. இப்ப நான் எதையாவது மாத்தினா, நாளைக்கு முறைகேடுன்னு ரெண்டு பேரையும் நடுத்தெருவுல நிறுத்திடுவாங்க."

மேலாளர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். சண்டை போடக்கூட ஆள் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து உட்காரக்கூடாத இடத்திலேயே உட்கார்ந்தார். கணினி கேட்டது, பெட்டி சூட்டைச் சொன்னது. மறுபடி கேட்டது, இன்னும் கூடச் சொன்னது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுவதை மருந்தில்லாமல் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கேள்விக்குப் பதில் வரவில்லை. திரையில் அந்தப் பெட்டியின் வரி சிவப்பானது. கணினி மட்டும் விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். "என்னங்க, பார்த்துக்கிட்டுதானே இருக்கீங்க? நல்லா போகுதா?"

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான்பா எழுதிட்டு இருந்தேன். திடீர்னு திரை நின்னு போச்சு. பாதிப் பதில் போய்ச் சேரவே இல்லையாம். யாரைக் கேட்டாலும் மேல கேளுங்கன்னு சொல்றாங்க."

அவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"பார்த்துக்கிட்டே இருப்பேன்னு சொன்னீங்களேப்பா?"

"பார்த்துக்கிட்டேதாம்மா இருந்தேன்" என்றார். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.