நகம் போடாத பத்தி

பழைய பால்பவுடர் டப்பா ஒன்று. உள்ளே, யாரோ ஒரு ராட்சசன் வெட்டிப்போட்டது போலப் பழுப்பு நிற நகங்கள். எழுபதுகளின் நடுவில், மரக்காணம் உப்பு ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, கூனிமேட்டில் அறை எடுத்த முதல் வாரமே அதைத் திறந்து பார்த்துவிட்டேன். மூடியிருக்கும் எதையும் திறக்காமல் இருக்க என்னால் முடியாது. “நெசமான நகம் இல்லம்மா. சங்கு வாயை மூடிக்கிற ஓடு. பேருதான் நகம்” என்று சிரித்தார் வீட்டுக்கார அக்கா. கடற்கரைப் பெண்கள் சங்குச் சதையை எடுத்துவிட்டு எறிவதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

அக்கா கணவரை இழந்தவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஊதுவத்தி செய்து தனியாக வாழ்ந்தார். திண்டிவனத்து அண்ணன் மாதாமாதம் வந்து, “தனியா இருந்தது போதும், வீட்டைப் பூட்டிட்டு கெளம்பு” என்பார். பாண்டிச்சேரிக் கடை ஒன்றின் ஆர்டர் கிடைத்தால் இங்கேயே இருப்பேன், கிடைக்காவிட்டால் வருகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தார்.

சந்தனத் தூள்மேல் மல்லியைப் பரப்பி, வாடியதும் எடுத்துவிட்டுப் புதுப் பூ பரப்புவார். தாழை மடலுக்கும் அதே உபசாரம். இவ்வளவு பாடுபட்டுவிட்டு, அதில் குண்டூசி முனையளவு புனுகும், வறுத்து இடித்த நகத்தூளும் சேர்ப்பார். புனுகின் வாடை பூனை மூத்திரமேதான். நகம் வறுபட்டால் முடி கருகும் நாற்றம். எதற்கு இந்தக் கண்றாவி என்று கேட்டேன். “பூவுக்கு இருக்கத் தெரியாதும்மா. வந்த ஒடனே கெளம்பிடும். புடிச்சு உக்கார வைக்க ஒரு நாத்தம் வேணும்.” நம்பாமல் புனுகை மட்டும் மணிக்கட்டில் தடவிக்கொண்டு ஆபீஸ் போனேன். ஹெட்கிளார்க் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் வரவிருந்த வாரம் அக்காவுக்குக் காய்ச்சல், கடும் சளி. எல்லாவற்றையும் அளந்து வைத்து என்னைப் பிசையச் சொன்னார். நகத்தூள் பொட்டலத்தை முகர்ந்தேன். இதை யார் வாங்குவார்கள்? நல்லது செய்வதாக நினைத்து அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். அடைத்த மூக்கோடு அக்கா பத்தியை உருட்டினார்.

கடைக்காரர் வந்தார். வேடிக்கை பார்க்க அண்ணனும் வந்திருந்தார். கொளுத்தியதும் அறை முழுக்க மல்லியும் தாழையும். “பிரமாதம்மா, ஆர்டர் உங்களுக்குத்தான்” என்றார் கடைக்காரர். குச்சி அணைந்தது. அடுத்த நிமிடம் வாசல் வழியே வந்த உப்புக்காற்றைத் தவிர எதுவுமில்லை. சளி விட்டிருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “நகம் போடலியா?” அரிசிப் பானைப் பக்கம் கை காட்டினேன்.

“ஐயா, இது என் பத்தி இல்லீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரு வாரம் டைம் குடுங்க, சரியா செஞ்சு தர்றேன்” என்றார் அக்கா. அண்ணன் முகம் மலர்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கடைக்காரரோ, “மாத்திடாதீங்கம்மா! வாசனை சீக்கிரம் போனாத்தானே இன்னொண்ணு கொளுத்துவாங்க? இதே மாதிரியே அனுப்புங்க” என்றார். அக்கா அணைந்த குச்சியை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு “சரிங்க” என்றார். அண்ணன் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

எனக்குத் திட்டு விழவில்லை. அன்று முதல் கடைக்குப் போவதற்கு ‘உன் பத்தி’ என்றும், வீட்டில் கொளுத்துவதற்கு ‘என் பத்தி’ என்றும் பெயர் வைத்துவிட்டார். அண்ணன் வரும்போது மட்டும் வீட்டிலும் ‘உன் பத்தி’தான். “அது அணைஞ்சா அவருக்கும் பஸ் ஞாபகம் வந்துடும்” என்று கண்ணடிப்பார். இப்போதும் எந்த ஊதுவத்தி வாங்கினாலும் அணைந்த பிறகு ஒரு நிமிடம் காத்திருந்து பார்க்கிறேன். பெரும்பாலும் வாசனை நிற்பதில்லை; நான் பிசைந்த பத்தியாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் வருடம் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில் அக்கா ஒரு பத்தியைக் கொளுத்தி, என் புடவைகளுக்குப் புகை காட்டி, அவர் கையாலேயே பெட்டியில் அடுக்கினார். எந்தப் பத்தி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விருந்தாளியை அனுப்பும் பத்தியாக இருந்துவிட்டால் என்ன செய்வது? பஸ்ஸில் அதே நினைப்பாக இருந்தேன்.

தூத்துக்குடியில் வீடு கிடைத்துப் பெட்டியைத் திறக்க நான்கு நாளாயிற்று. மூடியைத் தூக்கினேன். மல்லி, தாழை, அவற்றுக்கு அடியில் லேசாக முடி கருகியது போல ஒரு வாடை. பெட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.