வேதாசலம் ஏற்றிய வெளிச்சம்

ஆம்பூர் தோல் கம்பெனிகளில் 'ஷேட் வேதாசலம்' என்றால் தெரியாதவர்கள் குறைவு. தோலின் நிறம், அதாவது ஷேட், சரியா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. பழுப்புத் தோல் இரண்டை எடுத்துப் போடுங்கள், நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் மட்டும் முகத்தைச் சுளித்து, "இதுல செவப்பு ஜாஸ்தி, அனுப்பாதீங்க" என்பார். பெண்ணை நர்ஸிங் படிக்க வைத்ததும், வீட்டுக்குத் தளம் போட்டதும் அந்தக் கண்களை வைத்துத்தான். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்!

அதனால்தான் முதலாளி மகன் தன்சீல் அகமது, கம்பெனி வரவேற்புக் கூடத்தில் சுவர் அகலத்துக்குக் கடல்நீர்த் தொட்டி கட்டி, மீனும் உயிருள்ள பவளமும் விட்டபோது, மேலே எந்த விளக்கு மாட்டுவது என்று இவரைக் கூப்பிட்டான். வெளிநாட்டு வியாபாரிகள் அடுத்த மாதம் வருகிறார்கள்.

"நீலம் ஜாஸ்தி இருக்கற லைட்டுதான் வைக்கணும்னு தொட்டி வித்த கடைக்காரர் சொன்னாரு வேதாண்ணா. பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்குதாம். நிறமும் சாப்பாடும் அதாலதான். கம்மியா ஆரம்பிச்சு மெள்ள மெள்ள ஏத்தணுமாம்."

வேதாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீல வெளிச்சம் பொய் சொல்லும் பாய். ஷேட் ரூம்ல நீல பல்பு மாட்டுனா ஒரு தோலு தேறுமா? பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை போடுங்க, முழுசா போடுங்க. உள்ளது உள்ளபடி தெரியட்டும்."

காளான் போலப் படர்ந்திருந்த பழுப்புப் பவளத்தைத் தன்சீல் காட்டினான். "இதுக்குப் பேரே லெதர் கோரல்தான்."

"அப்படிப் போடுங்க! நம்ம ஆளுதான் அது. நம்மகிட்ட விட்டுடுங்க."

விளக்கு எரிந்தது. கம்பெனியே வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது. வேதாசலம் கைகட்டி நின்றார், மாப்பிள்ளையின் அப்பா மாதிரி.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் தொட்டியைப் பார்த்தவர் கண்ணாடியருகே குனிந்தார். பவளத்தின் பழுப்பு ஒரு பொட்டு குறைந்திருந்தது. வாட்ச்மேனைக் கேட்டார். "பளிச்சுனு இருக்குதுண்ணா, இன்னா கவலை?" என்றார் அவர். வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அப்படியானால் கெட்டுப்போனது எது? பவளமா, தன் கண்ணா?

இவருக்கு முன் ஷேட் பார்த்தவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஒரு சரக்கு தப்பாகப் போனதும் அவரைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். நமக்கும் வந்துவிட்டதா?  வீட்டில் இட்லியைத் தூக்கிப் பிடித்து, ஜன்னலோரம் போய்ப் பார்த்தார்.

"ஏங்க, இட்லியில இன்னா தேடறீங்க? முடி கிடி கெடக்குதா?" என்றாள் மனைவி அமிர்தவள்ளி.

"வெள்ளையாத்தானே இருக்குது?"

"பின்ன? நல்லா இருக்குதே உங்க பேச்சு!"

பவளம் நாளுக்கு நாள் வெளுத்தது. ஒருவேளை வெளிச்சம் போதவில்லையோ என்று நினைத்த வேதாசலம், வேலை முடிந்து போகும்போதும் விளக்கை அணைக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைத்தார். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டால் கண்ணைப் பற்றிய பேச்சு வருமே!

வியாபாரிகள் வருவதற்கு முந்தின நாள், பயம் தாங்காமல் தன்னையே பரீட்சை வைத்துக்கொண்டார். வியாபாரி ஒப்புக்கொண்ட நிறத்தில் ஒரு தோல் துண்டைக் கறுப்பு உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் பூட்டி வைப்பது ஷேட் ரூம் வழக்கம். வெளிச்சம் பட்டால் தோல் வெளுத்துவிடும். அதை எடுத்து, புதுச் சரக்கோடு சேர்த்துப் பார்த்தார். சரக்கில் நீலம் ஒரு துளி அதிகம் என்று பட்டது. நிறம் அளக்கும் மெஷினில் வைத்தார். மெஷினும் அதையேதான் சொன்னது.

அப்பாடா, கண் நன்றாக இருக்கிறது! கண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. கறுப்பு உறைக்குள் துண்டைத் திரும்பப் போடும்போதுதான் கை நின்றது.

கண் சரி என்றால் பவளம் வெளுப்பது நிஜம். செத்த தோலையே வெளிச்சத்துக்குப் பயந்து பூட்டி வைத்தவர், உயிருள்ளதை இரவும் பகலும் வெளிச்சத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். தொட்டிக்குள் கிடந்த கல்லின் அடியில் டார்ச் அடித்தார். நிழலில் இருந்த சின்னப் பவளத் துண்டு மட்டும் பழைய பழுப்பிலேயே இருந்தது.

தன்சீலிடம் போய் நின்றார். "பாய், தப்பு என்னுது. கடைக்காரர் சொன்னதுதான் சரி. இப்பவே கம்மி பண்ணிடணும்."

"நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. இருட்டாவா காட்டறது? அவங்க போனப்புறம் பண்ணலாமே?"

"அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல பாய். என்னை எங்க வேணா மாத்துங்க. அதைக் காப்பாத்துங்க."

 தன்சீல் தானே ஏணியில் ஏறி வெள்ளையை அணைத்து, நீலத்தை மங்கலாக வைத்தான். மறுநாள் வந்தவர்கள் அந்த இருட்டுத் தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்கள். தன்சீல் திட்டவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது வேதாசலத்துக்கு.

அதன்பின் தினமும் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் ஷேட் ரூமுக்குப் போனார். ஒருநாள் காலை, வெளுத்த பவளத்தின் ஓரத்தில் லேசாக ஒரு பழுப்பு. ஓடிப்போய்த் தன்சீலைக் கூட்டி வந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே வேதாண்ணா. நீல வெளிச்சம் பொய் சொல்லும்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு நிமிஷம் வெள்ளை போட்டுப் பார்த்துடலாமா?"

வேதாசலத்தின் கை சுவிட்சு வரைக்கும் போனது. வெள்ளை வெளிச்சத்தில் பார்க்காமல் ஒரு நிறத்தையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.  கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாம் பாய்."

"அப்போ நெசமாவே நெறம் வந்துடுச்சா?"

"தெரியல பாய்," என்றார் ஷேட் வேதாசலம். "நாளைக்கும் வந்து பார்க்கிறேன்."