காலிப்பரைக் கரையில் விட்டுப் போன தீவு

2007 பிப்ரவரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு பத்துக்கு மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ரஃபீக் பாயின் ஆம்னி வேன் வந்து நின்றது. வார நாட்களில் அதே வேன்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும். அவர் பல்லாவரத்துக்காரர். இழுத்துத் திறக்கும் கதவு, தாழ்வான படி. இரண்டு ஊன்றுகோலும் வலது காலில் இரும்புக் காலிப்பரும் உள்ளவளுக்கு இதைவிட நல்ல வாகனம் கிடையாது. நாள் வாடகை எண்ணூறு, பெட்ரோல் தனி.

நான் புவியியல் ஆசிரியை. தீவு என்றால் நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி என்று இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளை எழுத வைத்திருக்கிறேன். ஒரு தீவில்கூடக் கால் வைத்ததில்லை. நாற்பத்தாறு வயதில் இது பெரிய ஆசையா என்று தங்கை கேட்டாள். பெரிய ஆசைதான். அந்தமானுக்கு வழியில்லை என்றால் முட்டுக்காடு கழிமுகத்தில், கோவளம் பக்கமாக, பெயரில்லாத ஒரு மணல் திட்டு இருக்கிறது. அதில் என் சொந்தக் காலில் நின்றுவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தைத் தொட்டோம். சுமார் முப்பது கிலோமீட்டர். மணல் திட்டைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், வெயில் ஏறும்முன் சதுரங்கப்பட்டினம் கோட்டையை முடிப்போம் என்று மாமல்லபுரம் தாண்டி நேரே அங்கே போனோம்.

எட்டரை மணி. டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை. செங்கல் சுவர், உள்ளே புல்லும் மணலும். எங்களையும் காவலாளியையும் தவிர அங்கே நான்கு ஆடுகள். "மேல ஏறினா கடல் நல்லாத் தெரியும்மா" என்றார் காவலாளி, என் ஊன்றுகோல்களைப் பார்த்துக்கொண்டே. படிகள் சிதைந்து சரிவாகக் கிடந்தன. எனக்குப் பதிலாகப் பாய் ஏறினார்.

"என்ன தெரியுது பாய்?"

"தண்ணியா கீது டீச்சர்!"

இப்படி ஒரு வழிகாட்டி யாருக்குக் கிடைக்கும்? நான் கீழேயே சுற்றினேன். காவலாளி பூட்டைத் திறந்து கல்லறைகளைக் காட்டினார். படுக்க வைத்த பெரிய கற்கள், அவற்றில் புடைப்பாகச் செதுக்கிய எழுத்துகள். குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். கடல் தாண்டி வந்தவர்கள் இங்கேயே படுத்துவிட்டார்கள். மேலே ஏற முடியாதவர்கள் பார்ப்பதற்கென்றும் எல்லா ஊரிலும் ஏதாவது இருக்கத்தான் செய்கிறது.

பதினொன்று இருபதுக்கு மறுபடி கோவளம். கழிமுகத்தின் கரைவரை, ஈரம் இறுகிய தரையில், பாய் வேனை இறக்கினார். முன்பே சொல்லி வைத்திருந்த ஏழுமலை படகோடு காத்திருந்தார். நீல நிறச் சின்ன ஃபைபர் படகு, முனையில் மஞ்சளும் குங்குமமும், காய்ந்த பூச்சரமும். போய்வர நூறு ரூபாய். திட்டு முந்நூறு அடி தூரத்தில், கைநீட்டினால் எட்டும் போலக் கிடந்தது.

ஏழுமலை என் காலைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பாய் பக்கம் திரும்பிச் சொன்னார்: "சார், போட்டுல செருப்பு போட்டுகினு ஏறக் கூடாது. பொங்கல் வச்சுக் கும்புடுற போட்டு."

"அது செருப்பு இல்லப்பா, டீச்சரோட காலு" என்றார் பாய்.

உண்மைதான். காலிப்பரின் கம்பிகள் பூட்ஸின் அடியிலேயே பொருத்தப்பட்டவை. பூட்ஸைக் கழற்றினால் காலிப்பரும் போய்விடும். காலிப்பர் போனால் நான் நிற்க முடியாது.

பாய் விடவில்லை. சாக்கு விரிக்கிறேன் என்றார், நானே தூக்கி வைக்கிறேன் என்றார். ஏழுமலை நல்ல மனுஷர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, ஏறட்டும். சாயங்காலம் கழுவி மஞ்சத் தண்ணி தெளிச்சுக்கறேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் தலையை ஆட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல. சின்ன வயதிலிருந்தே எனக்காக எல்லோரும் ஏதாவது ஒரு சட்டத்தைத் தளர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். டீச்சர் பிரேயருக்கு நிற்க வேண்டாம், டீச்சர் வரிசையில் வர வேண்டாம். இன்னொருவர் கும்பிடுகிற படகிலும் அந்தச் சலுகையா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் நான் தவழ்கிறேன். காலிப்பரைக் கழற்றிவிட்டு, இரண்டு கையும் ஊன்றி, மொசைக் தரையில் இழுத்து இழுத்துப் போவேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் அப்படித்தான். அதை அம்மாவும் தங்கையும் தவிர யாரும் பார்த்ததில்லை. அழைப்பு மணி அடித்தால், தனியாக இருக்கும் நேரத்தில், ஐந்து பெல்ட்டையும் பூட்டி எழுந்து கதவைத் திறக்கப் பத்து நிமிஷம் ஆகும். இந்த அவஸ்தை வேண்டாம் என்றுதான் வருகிறவர்களைப் போன் செய்துவிட்டு வரச் சொல்வேன்.

வேன் படியில் உட்கார்ந்து ஐந்து பெல்ட்டையும் கழற்றினேன்.  புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் இறங்கினேன். படகுக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்ன டீச்சர், கோவளம் கரையில் பட்டப்பகலில் தவழ்ந்து போனேன். ஆமாம், வெட்கமாக இருந்தது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். கோட்டைமேல் பார்த்த அதே தண்ணீர்தான், ஆனாலும் ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

பாய் கரையிலேயே தங்கிவிட்டார். ஏழுமலை கழியை ஊன்றித் தள்ள, ஐந்து நிமிஷத்தில் திட்டு. படகின் விளிம்பிலிருந்து சறுக்கி இறங்கினேன். நிற்பதற்காக வந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.  மணல் சூடாக, மாவு போல மெத்தென்றிருந்தது. இதில் ஊன்றுகோலை ஊன்றியிருந்தால் முதல் அடியிலேயே புதைந்து குப்புற விழுந்திருப்பேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கைகளுக்கு அது எந்தச் சங்கடமும் தரவில்லை. ஒரு நண்டுப் பொந்துவரை போனேன், பிறகு மறுகரைவரை.

மறுகரையில் ஆழமில்லாத தண்ணீரில் நான்கு தலைகள் மெதுவாக நகர்ந்தன. நான்கு பெண்கள். முட்டியிலும் கையிலும் தவழ்ந்தபடி சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி, அதன் கயிறு பல்லிடுக்கில். ஒருத்தி என்னைப் பார்த்ததும் அருகே வந்து பறியை வாயிலிருந்து எடுத்தாள். ஏழுமலையின் மனைவி அஞ்சலை.

"இன்னாக்கா ஆச்சு காலுக்கு?"

"சின்ன வயசுல போலியோ."

"பேஜாருதான்" என்றாள். அதற்குமேல் உச்சுக் கொட்டவில்லை. "தண்ணில எறங்கு. மணலு சுடும்."

"உங்களுக்கு முட்டி வலிக்காதா?"

"வலிக்காம? நிமுந்து நடந்தா எறாலு ஓடிப்பூடும்க்கா. தவுந்துகினு போனாத்தான் கைல மாட்டும். எங்கம்மாவும் இப்டிதான், நானும் இப்டிதான்."

புடவையோடு இறங்கினேன். தண்ணீர் இடுப்பைத் தூக்கிக்கொண்டது. அவள் பக்கத்திலேயே, அவளைப் போலவே, கையை ஊன்றி நகர்ந்தேன். இரண்டு கையையும் கூட்டிச் சேற்றில் அழுத்தச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாவது தடவை ஏதோ துள்ளியது. பிடித்தேன், முள்ளால் குத்திவிட்டு ஓடிவிட்டது. அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். தூரத்திலிருந்து யாராவது பார்த்திருந்தால் ஐந்து தலைகள் என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

ஒன்றரை மணிக்குக் கரை திரும்பினேன். வெயிலில் கம்பி பழுத்துவிடும் என்று பாய் காலிப்பரைத் தன் துண்டில் சுற்றி முன் சீட்டில் உட்கார வைத்திருந்தார். "பாத்துட்டீங்களா டீச்சர்?" என்றார். பார்த்தேன் என்றேன். கேளம்பாக்கத்தில் டீ குடித்துவிட்டு நான்கு மணிக்குத் தாம்பரம் வந்து சேர்ந்தோம். உள்ளங்கை இரண்டும் எரிந்தன.

திங்கட்கிழமை காலை அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், தங்கை வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஏழு நாற்பதுக்கு அழைப்பு மணி அடித்தது. முந்தின நாள் நான் வேனிலேயே விட்டுவந்த தண்ணீர் பாட்டிலோடு பாய் வாசலில் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. காலிப்பர் நாற்காலியில் சாய்ந்திருந்தது. "ஒரு பத்து நிமிஷம் பாய்" என்று வழக்கமாகச் சொல்வது வாய்வரை வந்தது.

சொல்லவில்லை. மொசைக்கில் கையை ஊன்றித் தவழ்ந்து போய், எட்டித் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

பாய் கீழே குனிந்து என்னைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. பாட்டிலை நீட்டிக்கொண்டே, "இன்னா டீச்சர், இன்னும் ரெடியாவலையா? ரயில்வே கேட் போட்டுடுவான்" என்றார்.